உப்பில்லாத ரசமும் ஆல் ஓகே ரிப்போர்ட்டும்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலை பத்து மணிக்கு அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் மீட்டிங் பேசும்போது, நான் வெளியே ஜன்னலுக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். ஒரே கட்டுக் கீரையை மூன்று நாளாக ஆய்கிறேன். ஒட்டுக் கேட்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. கையில் கீரை இருக்கிறதே.

இன்று உள்ளே ஒரு பெண்குரல் என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் இல்லாத இடத்தில் சிரிப்புக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. முக்காலிமேல் ஏறினேன். என் தலை ஜன்னலில் உதயமாகிவிட்டது. ஜன்னல் இருப்பதோ அவர் முதுகுக்குப் பின்னால். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இருந்த அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. எண்ணெய் வழியும் தலை, கொண்டையில் ஒரு கீரைத்தண்டு.

"சார், உங்க பின்னாடி ஜன்னல்ல யாரோ எட்டிப் பார்க்கிறாங்க" என்றது அந்தப் பெண்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆல் ஓகே மேடம்" என்றார்.

இருபத்து நாலு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். எட்டிப் பார்த்தது திருடனாக இருந்தாலும் ஆல் ஓகேதான்.

மீட்டிங் முடிந்ததும் கடைக்குப் போய் இந்த டைரியை வாங்கி வந்து கையில் கொடுத்தார். "எதுவா இருந்தாலும் இதுல எழுது நவநீ. வாய்க்கும் காதுக்கும் கொஞ்சம் லீவு குடு." நான் ஆறாவதோடு நின்றவள். இருந்தாலும் மளிகைச் சீட்டு எழுதி எழுதிக் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் பெயர் கேட்கிறது: நவநீதம், க/பெ. தணிகாசலம், காட்பாடி. தொழில் என்ற இடத்தில் "கீரை ஆய்தல்" என்று எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5

கீரை வாடிவிட்டது. மசியல். நாளையிலிருந்து முருங்கைக்கீரை. உருவ நேரம் பிடிக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அவர் வேலைக்குப் போகும் அழகைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் இருப்பது எங்கள் படுக்கையறையில். அதற்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, ஹாலிலிருந்து படுக்கையறைக்கு டூட்டிக்குப் போகிறார்.

"அவங்களுக்கு இடுப்புக்கு மேலதானே தெரியுது? கீழ லுங்கி கட்டிக்கினு போங்களேன்" என்றேன்.

"டூட்டிக்கு லுங்கியா?" என்று பார்த்தார் ஒரு பார்வை. லுங்கியே எழுந்து நின்று சல்யூட் அடித்திருக்கும்.

சாயங்காலம் படுக்கையறையிலிருந்து வீடு திரும்புகிறார். "ஸ்ஸப்பா" என்று நாற்காலியில் சாய்ந்து, போக்குவரத்து நெரிசலில் வந்தவர் மாதிரி காபி கேட்கிறார்.

கம்பெனி இருப்பது சென்னையில். பாலும் மருந்தும் ஏற்றிப் போகும் குளிர்வண்டிகளில் ஒரு கருவி வைத்திருக்கிறார்களாம். வண்டி எங்கே போகிறது, உள்ளே குளிர் சரியாக இருக்கிறதா என்று அது சொல்லிக்கொண்டே வரும். சொல்லாமல் நின்றுவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பது இவர் வேலை. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவராயிற்றே, மலை உச்சியில் ஒயரைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு இது சுகம். இவரைப் போலவே இன்னும் மூன்று பேரைப் படைகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அதில் தூத்துக்குடி சேவியர் கப்பல்படைக்காரர். அவர் மட்டும் அடிக்கடி போன் செய்வார்.

எல்லாம் மூன்று மாதத்துக்குத்தான். செப்டம்பர் கடைசியில் பார்த்து, பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் டாட்டா.

தினமும் பத்து மணி மீட்டிங்கில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எதில் மாட்டிக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாம் அதில் மாட்டிக்கொண்டேன், இதில் மாட்டிக்கொண்டேன் என்று வாய்விட்டு அழுகிறார்கள். இவர் முறை வந்தால் ஒரே வார்த்தை. ஆல் ஓகே மேடம்.

எனக்கு அந்த வார்த்தை பழக்கம். வடக்கே லே பனிமலையில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனில் ஆல் ஓகேதான். விஷயம் மிலிட்டரி கேன்டீன் வரிசையில், முன்னால் நின்ற பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நானும் இளைத்தவள் இல்லை. எங்கள் மகள் பாப்பாவுக்கு டைபாய்டு வந்து நான் பெட் பக்கத்தில் தரையில் படுத்திருந்தபோது அவர் போன் செய்தார். "நாங்க நல்லா இருக்கோம், ரெண்டு பேரும் பரோட்டா தின்னுக்கினு இருக்கோம்" என்றேன். பக்கத்து பெட் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதெல்லாம் பழைய கதை. முருங்கைக்கீரை இன்னும் பாதி இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது. மேடம் என்றால் வயதானவள் என்று நினைத்திருந்தேன். மிருதுளா என்று பெயர், எங்கள் பாப்பாவைவிட ஓரிரண்டு வயது பெரியவள் இருப்பாள். "பேர் சொல்லியே கூப்பிடுங்க சார்" என்று அவள் சொல்கிறாள். "யெஸ் மேடம்" என்கிறார் இவர்.

ஜன்னலுக்குக் கீழே கேட்டது:

"சார், அந்த அலாரம் வேலை எங்க நிக்குது?"

"நடந்துக்கிட்டு இருக்கு மேடம்."

"மூணு வாரமா நடந்துக்கிட்டேதான் இருக்கு. எங்கயாவது மாட்டிக்கிச்சா?"

"நோ மேடம். ஆல் ஓகே."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "சார், தெரியலன்னு ஒருத்தர் சொன்னா சொல்லிக் குடுத்துடலாம். ஒண்ணும் ஓகே இல்லாதப்ப ஓகேன்னு சொன்னா எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு மருந்து வண்டி ஒண்ணு சூடாயிட்டாலும் இதையே சொல்லுவீங்களோன்னு. செப்டம்பர் கடைசியில நான்தான் உங்களுக்காகப் பேசணும். என்னைப் பேச விடுங்க சார்."

"யெஸ் மேடம். ஆல் ஓகே மேடம்" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கையில் முருங்கைக் காம்பு இருந்ததை மறந்துவிட்டேன்.

வெளியே வந்தவரிடம், அலாரம் வேலை என்றால் என்ன என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். வண்டிகளிலிருந்து அலாரம் மழை மாதிரி கொட்டுமாம், பாதி பொய் அலாரமாம், மெய்யையும் பொய்யையும் தானே பிரிக்கிற மாதிரி கம்ப்யூட்டருக்கு அதன் பாஷையில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சேவியர் தன் பங்கை முடித்துவிட்டாராம்.

"உங்களுது?"

"ஆல் ஓகே."

ஆகஸ்ட் 16, சனி

வரதப்பன் போன் செய்தார். இவருடன் பட்டாளத்தில் சேர்ந்தவர், இப்போது கத்தாரில் ஒரு பெரிய கிடங்கில் காவல் வேலைக்கு ஆள் சேர்க்கிறார். சூப்பர்வைசர் வேலை ஒன்று இவருக்காகப் பிடித்து வைத்திருக்கிறாராம். இரண்டு வருஷம். செப்டம்பர் கடைசிவரை காத்திருப்பாராம்.

"இங்க வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா அங்க போய்டறேன்" என்றார் இவர். வீட்டுக்கடன் இருக்கிறது. பென்ஷனை வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்காரும் ஜாதியும் இல்லை.

"போங்களேன். டி.வி. ரிமோட்டாவது என் கைக்கு வரும்" என்றேன்.

பிறகு அவருடைய கறுப்புப் பெட்டியை வெளியே இழுத்துத் துடைத்தேன். பட்டாளத்து இரும்புப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் அவர் நம்பரும் பெயரும். அந்தக் காலத்தில் அது கட்டிலடியிலிருந்து வெளியே வந்தால் லீவு முடிந்தது என்று பாப்பாவுக்குக்கூடத் தெரியும். நல்ல கெட்டிப் பெட்டி. சும்மா கிடப்பானேன் என்று புதுசாக வந்த அரிசியை அதில் கொட்டிவிட்டேன். எலித் தொல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

எனக்கு ஒரு யோசனை. வீட்டில் குறை சொல்லப் பழகாதவர் வேலையில் எப்படிச் சொல்வார்? இன்று ரசத்தில் உப்பே போடவில்லை. பரிமாறிவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தேன்.

இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

"எப்படிங்க இருக்குது?"

"ஆல் ஓகே."

ஆகஸ்ட் 21

ரசத்தில் உப்பு இல்லை, புளியும் இல்லை. வெந்நீரில் கொத்தமல்லி மிதந்தது. ஆல் ஓகே.

ஆகஸ்ட் 23

பொரியலில் மிளகாய்த்தூளைக் கவிழ்த்தேன். மூக்கு, கண் இரண்டிலும் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார். "லேசா ஜலதோஷம்" என்றார். பொரியல்? ஆல் ஓகே.

எனக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் எடுத்து வைத்திருந்த நல்ல பொரியல் அருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி

பிள்ளையாருக்கு ஒழுங்கான கொழுக்கட்டை. இவருக்குத் தனித் தட்டில் பூரணமே இல்லாத கொழுக்கட்டை, வெறும் மாவு மூடி. நாலு தின்றார். ஐந்தாவதைப் பிய்த்து உள்ளே பார்த்தார். ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதையும் தின்றார்.

பிள்ளையாரே, நீயாவது கேள்.

சாயங்காலம் சேவியர் பண்டிகைக்காகப் போன் செய்தார். இவர் குளிக்கப் போயிருந்தார், நான் எடுத்தேன். உப்பு, மிளகாய், மாவு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"யக்கா, எங்காளுக அப்படித்தான். மேல இருக்கவங்க காதுக்குப் பிரச்சினையே போகக் கூடாது. போகும்போது ஆல் ஓகேன்னுதான் போகணும். கப்பல்ல ஓட்டை விழுந்தாலும் அடைச்சிட்டுத்தான் சொல்லுவோம்."

"அடைக்க முடியலன்னா?"

"நீந்துவோம்."

"நீ மட்டும் எப்படிப்பா இங்க வாயைத் திறந்த?"

"மொத வாரமே எந்திரிச்சு நின்னு, 'எனக்கு ஒண்ணும் விளங்கல, சொல்ல அனுமதி வேணும்'னு கேட்டுட்டம்லா. அனுமதி வாங்கிட்டுச் சொன்னா குத்தம் கிடையாது யக்கா."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அண்ணன் ஒண்ணும் மக்கு இல்ல. ஒரே ஒரு எடத்துல நிக்காரு. அரை மணி நேரம் யாராவது கூட இருந்தா தாண்டிருவாரு. நான் கேட்டா எங்கிட்டயும் ஆல் ஓகேங்காரு. மேடத்துக்கும் அவர விட மனசில்ல. கத்தார் கித்தார்னு சொல்லுதாரே, நெசமாவா?"

"போனா போகட்டும்பா. எனக்கு இன்னா?" என்றேன்.

இன்று பெட்டியில் அரிசிக்கு மேல் துவரம்பருப்பும் வைத்தேன்.

செப்டம்பர் 3, புதன்

நேராகக் கேட்டுவிட்டேன். "எனக்குத் தெரியலன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"எதுக்கு?"

"சும்மா, வாய்க்கு எக்சர்சைஸ்."

ஏதோ ஒத்திகை என்று புரிந்துகொண்டு எழுந்து நின்றார். குதிகாலைச் சேர்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். பீரோவைப் பார்த்து, "எனக்குத் தெரியல மேடம்!" என்று ஒரு சத்தம் போட்டார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, "இன்னா தெரியலையாம் அவருக்கு?" என்று கேட்டாள்.

பீரோவிடம் நன்றாக வருகிறது. "இப்ப என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"காபி இருக்கா?" என்றார்.

செப்டம்பர் 10

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து வந்தார். கத்தாருக்கு அனுப்ப. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறார், திருடனைப் பிடித்தவர் மாதிரி. ஒன்று கூடுதலாக இருந்தது. டைரிக்கு அடையாளம் வைக்க ஏதாவது வேண்டுமே என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியில் இடம் இருந்ததால் நவராத்திரி பொம்மைகளையும் பரணிலிருந்து எடுத்து அதிலேயே வைத்துவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பெட்டிய யாரும் பிளேன்ல ஏத்த மாட்டாங்க நவநீ."

"ஏத்தறதுக்காகவா வெச்சேன்? எலிக்காக வெச்சேன்."

"நம்ம வீட்ல எலி கிடையாதே."

"அப்படி வெச்சதாலதான் கிடையாது."

செப்டம்பர் 17, புதன்

காலையில் வரதப்பன் பயணத் தேதி சொல்லி அனுப்பியிருந்தார். அக்டோபர் பத்தாம் தேதி. சரியா என்று இருபத்தாறுக்குள் சொல்ல வேண்டுமாம். இவர் போனைப் படித்துக் காட்டினார். "சரி" என்று சொல்லிவிட்டு நான் சமைக்கப் போனேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார்.

"உப்பு இல்ல" என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை. நியாயமாக எழுந்து குதித்திருக்க வேண்டும். ஆனால் இன்று நான் எதுவும் செய்யவில்லையே! ரசத்தை எடுத்து நக்கிப் பார்த்தேன். ஆமாம், இல்லை. நிஜமாகவே மறந்திருக்கிறேன். கலியாணமாகி வந்த நாளிலிருந்து உப்பு மறந்தவள் இல்லை நான்.

"மத்த நாளெல்லாம் விழுங்கினீங்க. இன்னிக்கு மட்டும் இன்னா வாய் திறந்துது?" என்றேன்.

"மத்த நாள் நீ வேணும்னே போடல. போடாத அன்னிக்கெல்லாம் கதவோரம் நின்னு என் மூஞ்சியையே பார்த்துக்கினு இருப்ப. உனக்கு அது ஒரு வெளையாட்டு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். இன்னிக்கு நீ பார்க்கவே இல்ல." தட்டைத் தள்ளி வைத்தார். "இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்கேன்."

"ஆல் ஓகேவா?"

"ஆல் ஓகே" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவர் சிரித்தார். "ரிப்போர்ட் தப்பு" என்றார். "பரோட்டா தின்னுக்கினு இருக்கோம்னு சொன்னியே, அப்பவும் இதே குரல்தான். டாக்டர் பேரைக் கூப்பிட்டுக்கினு பின்னாடி நர்ஸ் ஓடுற சத்தம் எனக்குக் கேட்டுது. நீ சொல்லல, நானும் கேக்கல. போன வெச்சிட்டுப் போயி ஒயர் இழுத்தேன்."

இத்தனை வருஷமாக அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அப்போது நான் ஒன்று சொன்னேன். நாலே வார்த்தை. அதை எழுத இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

அவர் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்து வந்து, முதலில் என் தட்டில் போட்டார். என் தட்டில் இருந்த ரசத்துக்கு மட்டும் இன்று உப்பே தேவைப்பட்டிருக்காது. எனக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. லேசாக ஜலதோஷம்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று மீட்டிங்குக்குப் போகும்போது அறைக்கதவைச் சாத்தவில்லை. "கீரைய உள்ளயே கொண்டாந்து ஆயி. முக்காலில ஏறி விழுந்து வெக்காதே" என்றார். கட்டில் விளிம்பில், கம்ப்யூட்டரின் கேமராக் கண்ணில் தெரியாத பக்கமாக உட்கார்ந்தேன்.

அவர் முறை வந்தது.

"தணிகாசலம் சார்?"

எழுந்து நின்றார். அந்தப் பக்கம் அவர்களுக்கு பெல்ட் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"மேடம். சொல்ல அனுமதி வேணும்."

"சொல்லுங்க சார்."

தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். நான் முருங்கைக்கீரையைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு மேடம். அந்த அலாரம் வேலையில ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். நாள் கணக்கா முட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரியல."

சேவியர் எங்கிருந்தோ ஒரு விசில் அடித்தார். மிருதுளா மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்டது. "தேங்க்யூ சார்" என்றாள். வேலை தெரியவில்லை என்று சொன்னவருக்கு நன்றி சொல்லும் முதலாளியை நான் இன்றுதான் பார்க்கிறேன். "மத்தியானம் நானும் சேவியரும் உங்களோட உட்கார்றோம். வேற ஏதாவது இருக்கா சார்?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. பாவம், சின்னப் பெண்.

"இருக்கு மேடம்" என்றார். பிறகு தொடங்கினார். ஒரு வண்டியின் கருவி பொய் சொல்கிறது. படிக்கக் கொடுத்த பாடத்தில் ஏழாவது பகுதி புரியவில்லை. அதற்கு முன்னால் ஆறாவதும். நாற்காலி உயரம் போதவில்லை. வெள்ளிக்கிழமை குரூப்பில் எல்லாரும் போடும் படங்களுக்கு எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டு மாதத்துச் சேமிப்பு. எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்து போகும்வரை சொன்னார்.

சாயங்காலம் வீடு திரும்பினார், படுக்கையறையிலிருந்து. "தாண்டிட்டேன் நவநீ" என்றார். அரை மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

செப்டம்பர் 22, திங்கள்

ஏரி மதகைத் திறந்துவிட்டது நான்தான், இப்போது நனைகிறேன்.

காபி தண்ணியாக இருக்கிறதாம். மின்விசிறி முனகுகிறதாம். நான் குறட்டை விடுகிறேனாம், அதுவும் இரண்டு சுருதியில். இருபத்து நாலு வருஷத்தில் லீவுக்கு வந்தபோதெல்லாம் என் புளிக்குழம்பு கொஞ்சம் கசந்ததாம். அதை இன்று சொல்கிறார்!

"ஏங்க, கத்தார்ல இன்னும் அந்த வேலை காலியாத்தான் இருக்குதா?" என்று கேட்டேன்.

நேராகச் சமையலறைக்குள் போனார். அடுத்த பிரச்சினை அங்கே இருந்ததாம்: டப்பாக்கள் ஒழுங்கில்லை. என் ஹார்லிக்ஸ் பாட்டில், எண்ணெய் டின், மூடி மாறிய எவர்சில்வர் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு, ஒரே அளவு, ஒரே நிறத்தில் டப்பா வாங்கி வந்து அணிவகுப்பு மாதிரி நிறுத்திவிட்டார். எது எது என்று எனக்கு இடத்தை வைத்துத்தான் தெரியும். மேல் தட்டில் இரண்டே ஆள்: வலப்பக்கம் உப்பு, இடப்பக்கம் சர்க்கரை.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

வரதப்பனிடம் போனில் சொல்லிவிட்டார், வரவில்லை என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இங்க இன்னும் முடிவே சொல்லலையே! வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா இன்னா பண்ணுவீங்க?"

"தெரியல" என்றார், என் முகத்தைப் பார்த்து. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அவருக்கு.

"கடன்?"

"அதுவும் தெரியல. வேற ஏதாவது பார்ப்போம். அன்னிக்கு நீ சொன்னியே ஒண்ணு, அத வெச்சிக்கினு கத்தார்ல போயி நிக்க முடியாது."

நன்றாகத் திட்டினேன். பொறுப்பில்லாத மனுஷன் என்றேன். மத்தியானம் திட்டிக்கொண்டே கேசரி கிளறினேன். ஏனோ நெய் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய்

வைத்துக்கொண்டார்கள்.

மிருதுளாவே போன் செய்து சொன்னாள். "சார், உங்களுக்காகப் பேசறதுக்கு எனக்கு நிறைய விஷயம் கிடைச்சுது. ஆனா மீட்டிங்ல மட்டும் ஒரு நாளைக்கு மூணு பிரச்சினைக்கு மேல வேணாம் சார்." இவர் "யெஸ் மிரு..." என்று தொடங்கி, பாதியில் வியர்த்து, "மேடம்" என்று முடித்தார்.

இவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வர நேரமாயிற்று. உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு முகம் கழுவ நேரம் கிடைக்கவில்லை, புடவைத் தலைப்பே போதுமானதாக இருந்தது.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், பூச்சரம். நான் வைத்த பொட்டு சரியாக அதன் கேமராக் கண்மேல் விழுந்துவிட்டது. "நல்லதுதான். இனிமே என் கொண்டை யாருக்கும் தெரியாது" என்றேன். அவர் பஞ்சால் துடைத்தார். பட்டாளத்தில் துப்பாக்கி துடைத்த கை, என்ன பதமாகத் துடைக்கிறது.

கொலு பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை என்று இன்றுதான் நினைவு வந்தது. இந்த வருஷம் அம்மன் அரிசிக்கு நடுவிலேயே கொலுவிருந்துவிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெட்டி கட்டிலடியிலேயே இருக்கட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மிருதுளாவும் சேவியரும் இன்னும் நாலைந்து பேரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். கட்டத்துக்குள் பார்த்த முகங்களுக்கெல்லாம் கால் இருந்தது. மிருதுளா என்னைக் கண்டதும், "ஜன்னல் ஆன்ட்டி!" என்று கட்டிக்கொண்டாள். இத்தனை பேர் நடுவில் எனக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருக்கிறது போலும்.

சேவியர் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் நுழைந்து, "யக்கா, நீங்க உக்காருங்க" என்று தானே டீ போட்டார். டீ நன்றாக இருந்தது. டப்பாக்களை எல்லாம் துடைத்துத் திரும்ப அடுக்கியும் வைத்தார். கப்பல்படையில் இடப்பக்கத்திலிருந்து எண்ணுவார்களோ என்னவோ.

சாப்பாடு அமோகம். கடைசியில் சேமியா பாயசம், ஆளுக்கொரு டம்ளர். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

கண்ணாடி போட்ட பையன் ஒரு வாய் குடித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சூப்பர் ஆன்ட்டி" என்றான். பக்கத்தில் இருந்த பெண் "டிப்ரண்டா இருக்கு" என்றாள். சேவியர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மிருதுளாவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டேன்.

"ஆல் ஓகே ஆன்ட்டி" என்றாள்.

இவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்று குதிகாலைச் சேர்த்தார்.

"எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு" என்றார்.

சர்க்கரைக்குப் பதில் உப்பு. இரண்டு கை நிறையப் போட்டிருக்கிறேன். முந்திரியை மட்டும் கழுவி மாடியில் காயவைத்திருக்கிறேன்.